இரண்டாம் தளத்தில் சூரியன்

செய்தி வந்தபோது காலை ஏழு இருபது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயில் மாலூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஈவ்லின் ஒரு கையில் இட்லிப் பொட்டலமும் மறு கையில் சட்னிப் பையுமாக, எதை முதலில் பிரிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த போனில் ஹரோல்ட் அங்கிளின் மனைவி பியாட்ரிஸ் ஆன்ட்டியின் பெயர் எரிந்தது. முழங்கையால் தட்டி எடுத்தாள்.

"பாப்பா, அங்கிள் போயிட்டாரும்மா."

"எங்க ஆன்ட்டி?"

கேட்டபின்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் அது அப்படியொன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. ஹரோல்ட் அங்கிள் ஐம்பத்தேழு வருஷத்தில் பங்காருப்பேட்டையைத் தாண்டியவர் அல்ல. ஊரில் உள்ள எல்லோரையும் எங்கெங்கோ அனுப்பிவைத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த மனிதர். அவர் கிளம்பிவிட்டார் என்றால் எங்கே என்றுதான் யாரும் கேட்பார்கள்.

"பல்லு தேய்ச்சிகினு இருந்தாரு. நெஞ்ச புடிச்சிகினு உக்காந்தாரு. அவ்ளோதான்," என்றார் பியாட்ரிஸ். பிறகு ஆன்ட்டியே மறுபடி ஆரம்பித்தார். "உன் மைசூர் டிக்கெட்ட பிரிண்ட் எடுத்து டிராயர்ல வெச்சிருக்காரு. வந்து எடுத்துக்கோ, இன்னா?"

ஈவ்லின் ஒயிட்ஃபீல்டில் இறங்கி எதிர் பிளாட்பாரத்துக்குப் போய், திரும்பும் ரயிலுக்காக நின்றாள். சட்னிப் பை அப்போதும் கையிலேயே இருந்தது.

ஹரோல்ட் டிராவல்ஸ் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில், ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு கோழிக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. அகலம் ஒரு மேஜை. நீளம் ஒரு மேஜையும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும். மூன்று பேருக்கு மேல் வந்தால் நான்காவது ஆள் கோழிக்கடை வாசலில் நின்றபடி ஊட்டிக்கு டிக்கெட் கேட்க வேண்டும்.

கடை வைக்கும் முன் அவர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கேஜுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தார். ஆட்களைப் பூமிக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்குத்தான் கேஜ் என்று பெயர். ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் உள்ளே ஆள் நிற்கிறது, பார்த்து இழு. பதினான்கு வருஷம் இதே வேலை. சுரங்கத்தை மூடியபோது அவருக்கு முப்பத்துநான்கு வயது. மற்றவர்கள் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். ஹரோல்ட் அவர்களுக்கு ரயில் டிக்கெட் போட உட்கார்ந்தார்.

பழக்கம் மட்டும் மாறவில்லை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கு, வாடிக்கையாளர் பாதிப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாலும் எழுந்து சாப்பிடப் போய்விடுவார். மேஜைமேல் பித்தளைத் தட்டுமணி ஒன்று இருக்கும். ஒருவர் வளவளவென்று பேசினால் ஒரு தட்டு. டிக்கெட் உறுதியாகிவிட்டால் மூன்று தட்டு. அந்த மூன்றாவது தட்டு கேட்காமல் எழுந்து போவதற்குப் பேட்டையில் பலருக்குப் பயம்.

அவர் போகாத ஊர்களைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். போய்வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து விசாரித்து, ஒரு நீளமான நோட்டில் எழுதிக்கொள்வார். 'ஊட்டி: பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் ஓட்டலில் பொங்கல் வேண்டாம்.' 'வேளாங்கண்ணி: செருப்பைப் பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளவும்.' 'கோவா: ராஜப்பா குடும்பம் சண்டை போட்டுக்கொண்டு திரும்பியது, காரணம் சொல்லவில்லை.' வேளாங்கண்ணிக்கு மட்டும் ஆயிரம் பேரை அனுப்பியிருப்பார். கடலைப் பார்த்ததில்லை. கேட்டால், "கடைய யார் பாத்துப்பா?" என்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் போன வருஷம் செப்டம்பரில் நான்கு பேர் கப்பல் டிக்கெட் கேட்டு வந்தார்கள்.

நான்கு பேரும் ரயில் சிநேகிதம். ஈவ்லினுக்கு ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. திலீப் செல்போன் ஷோரூமில். மஞ்சுநாத் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். பூதிகோட்டைக் கன்னடக்காரன், பங்காருப்பேட்டையில் ஏறுவான், அவனுக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பதில்தான் நட்பே ஆரம்பித்தது. நான்காவது ஃப்ளோரா. எல்கேஜியிலிருந்து ஈவ்லினின் தோழி, நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்து, டிசம்பர் பத்தாம் தேதிக்கு விமானம் குறித்தாகிவிட்டது. அதற்குள் நால்வரும் சேர்ந்து ஒரு தடவை கப்பலில் போக வேண்டும் என்று முடிவு. சென்னையிலிருந்து புறப்பட்டு, கடலில் மூன்று இரவு சுற்றிவிட்டு வரும் உல்லாசக் கப்பல்கள் இருந்தன. எந்தக் கப்பல் என்பதுதான் தகராறு.

அதற்கென்று வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்தார்கள். பத்தொன்பது நாளில் அறுநூறு செய்தி. திலீப்புக்குத் தண்ணீரில் சறுக்கி விழும் சறுக்குமரம் இருக்க வேண்டும். மஞ்சுநாத்துக்கு மூன்று வேளையும் மொசரன்னம், அதாவது தயிர்சாதம், இருக்க வேண்டும். ஈவ்லினுக்கு லீவு கிடைக்கும் தேதியில் இருக்க வேண்டும். நான்கு முறை வாக்கெடுப்பு நடந்தது. நான்கு முறையும் நான்கு கப்பலுக்கு ஆளுக்கொரு ஓட்டு. ஐந்தாவது வாக்கெடுப்பு, இனிமேல் வாக்கெடுப்பு வேண்டுமா வேண்டாமா என்று. இரண்டுக்கு இரண்டு.

ஃப்ளோரா கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் படுத்தபடியே சூரியன் வர்றத பாக்கணும். எழுந்து போய் இல்ல. படுத்தபடி."

ஐந்து வருஷமாக அவளுக்கு நைட் ஷிப்ட். சூரியன் உதிப்பதை அவள் தினமும் பார்த்தாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி, எதிரில் இருப்பவரின் அக்குள் வழியாக. வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்கினாள். படுக்கையும் சூரியனும் ஒரே நேரத்தில் அமைந்ததே இல்லை.

"நான் பொறுப்புடி," என்று ஈவ்லின் வாக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகு, தன்னால் இது ஆகாது என்று தெரிந்து, மூவரையும் இழுத்துக்கொண்டு ஹரோல்ட் டிராவல்ஸுக்கு வந்தாள்.

மூவர் உள்ளே. மஞ்சுநாத் கோழிக்கடை வாசலில்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்றார் ஹரோல்ட். "ரெண்டு பேர் ஒண்ணா பேசினா மணி அடிப்பேன்."

திலீப் சறுக்குமரம் என்றான். ஒரு தட்டு. மஞ்சுநாத் வெளியிலிருந்து, "அங்கிள், மொசரன்ன…" என்றான். ஒரு தட்டு. ஃப்ளோரா தன் ஆசையைச் சொன்னாள். ஹரோல்ட் மணியில் வைத்த விரலை எடுத்துவிட்டார்.

"படுத்துகினேவா?"

"படுத்துகினே அங்கிள்."

"நான் பதினாலு வருஷம் இருட்டுல ஏறி இருட்டுல இறங்கினவன். இத்தகூட செய்யலன்னா நான் எதுக்கு போர்டு மாட்டிகினு உக்காந்திருக்கணும்?" என்றார். "மத்த ரெண்டு பேரும் வாய மூடுங்க. சூரியன் வர்ற கப்பல்தான்."

அடுத்த ஒரு வாரம் அவர் கப்பல் கம்பெனிகளுக்குப் போன் போட்டார். எதிர்முனையில் பேசிய பெண்கள் எத்தனை பேர் வேலையை விட்டார்களோ தெரியாது. கேஜ் எத்தனை, ஒரு கேஜில் எத்தனை ஆள் என்று கேட்டார். காற்றோட்டத்துக்கு மின்விசிறி போனால் மாற்று உண்டா என்று கேட்டார். உள்ளே தண்ணீர் வந்தால் இறைக்கப் பம்ப் எத்தனை என்று கேட்டபோது ஒருத்தி இணைப்பைத் துண்டித்துவிட்டாள். "பதில் இல்லன்னா பம்ப் இல்ல," என்று அந்தக் கப்பலை அடித்துவிட்டார். இன்னொரு கப்பலில் ஒரே ஒரு லிப்ட், அதுவும் போயிற்று. மிஞ்சியது ஒன்று. இப்படியாக, நான்கு பட்டதாரிகள் பத்தொன்பது நாளில் செய்ய முடியாததை அவர் ஏழு நாளில் முடித்தார்.

அறை எந்தத் தளத்தில் என்பதுதான் பாக்கி.

கப்பலின் படத்தைக் கம்பெனியார் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். தளத்துக்கு ஒரு தாள். இரண்டில் ஆரம்பித்துப் பத்தில் முடியும். ஒவ்வொன்றும் உச்சியிலிருந்து பார்த்த படம். எது எதற்கு மேலே என்று எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று உலகத்தில் எந்தக் கப்பல்காரனுக்கும் தோன்றியிருக்காது. ஹரோல்ட் தாள்களை வாங்கி, இரண்டை மேலே வைத்து, பத்தை அடியில் வைத்து, மேஜையில் தட்டி ஒழுங்கு செய்தார். திலீப்போ ஈவ்லினோ ஃப்ளோராவோ கண்ணைக்கூட இமைக்கவில்லை. சுரங்கத்தில் லெவல்களைத் தரையிலிருந்து கீழ்நோக்கித்தான் எண்ணுவார்கள். இரண்டாவது லெவல் என்றால் வெளிச்சத்துக்குப் பக்கம். எண் ஏற ஏற ஆழம், சூடு, வியர்வை. சுரங்கக்காரர்களின் அந்த மூன்று வீட்டிலும் பிள்ளைகள் ஒன்று இரண்டு எண்ணக் கற்றபோதே அது கீழ்நோக்கித்தான் போயிருந்தது.

"ரெண்டாவது லெவல்," என்றார் ஹரோல்ட். "மேல நின்னு கூப்டா கேக்கும். சூரியன் வந்து மூஞ்சில அடிக்கும்."

கோழிக்கடை வாசலிலிருந்து மஞ்சுநாத் எட்டிப் பார்த்தான். "அங்கிள், பில்டிங்ல ரெண்டு கீழதானே இருக்கு? எங்க ஆபீஸ்ல எட்டாவது மாடி மேல இருக்கு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"மச்சா, அது பில்டிங். மண்ணுலேர்ந்து மேல போவுது," என்றான் திலீப். "இது தண்ணிக்குள்ள இறங்குது. இறங்கறத மேலேர்ந்துதான் எண்ணுவாங்க. பூதிகோட்டைல தக்காளி தோட்டம் மட்டும்தானே பாத்திருக்க, லெவல பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"சரி குரு. நீங்க கோல்டு ஃபீல்ட்ஸ்காரங்க," என்று மஞ்சுநாத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அதற்கு மேல் எல்லாமே ஹரோல்டின் கட்சிக்குத்தான் சாட்சி சொன்னது. இரண்டாம் தளத்து அறைக்கு விலை குறைவு, பத்துக்குப் போகப் போக ஏறுகிறது. "பின்ன? ஆழத்துக்குப் போறவனுக்கு அலவன்ஸ் ஜாஸ்தி. செலவு ஜாஸ்தின்னா ரேட்டு ஜாஸ்தி," என்றார். பத்தாம் தளத்துத் தாளில் நீச்சல் குளம் இருந்தது. "பாத்தியா? தண்ணி அடி லெவல்லதானே வந்து தேங்கும். அப்டியே குளம் ஆக்கிட்டான். புத்திசாலி." விண்ணப்பத்தில் உள்ளறையா வெளியறையா என்று ஒரு கேள்வி. "வெளிய படுக்கறதுக்கு யாராவது துட்டு குடுப்பாங்களா?" என்று உள்ளறைக்கு டிக் அடித்தார்.

மணியை மூன்று முறை தட்டினார். முடிந்தது.

நவம்பர் மூன்றாம் வாரம் நால்வரும் சென்னைத் துறைமுகத்தில் நின்றார்கள். கப்பல் நம்ப முடியாத அளவுக்கு வெள்ளையாக, ஒரு மாலையும் போடாத கல்யாண மண்டபம்போல் இருந்தது. சீருடை போட்ட பெண் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "கீழே," என்றாள்.

"மேல போறதுக்கு முன்னாடி கீழ போயி கையெழுத்துப் போடணும் போல," என்றான் திலீப்.

லிப்டில் ஏறினார்கள். பொத்தான்கள் வரிசையாக இருந்தன. உச்சியில் பத்து. அடியில் இரண்டு. நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மஞ்சுநாத் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாத கொடுமை. தலையைத் தூக்கி லிப்டின் கூரையைப் பார்த்து மெல்லச் சீட்டியடித்தான்.

பெண்களுக்கு ஓர் அறை, பையன்களுக்குப் பக்கத்து அறை. கட்டிலுக்கு எதிரே அழகான திரை தொங்கியது. ஈவ்லின் ஓடிப்போய் இழுத்தாள். பின்னால் சுவர். சும்மா சுவர், ஒரு ஆணிகூட இல்லை. சுவருக்கு அந்தப்புறம் எதுவோ 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டிருந்தது.

ஃப்ளோரா கட்டிலில் சாய்ந்து சுவரைப் பார்த்தாள். "நல்லாத்தான்டி இருக்குது. தூக்கம் நல்லா வரும்," என்றாள்.

அவள் திட்டியிருந்தால் ஈவ்லினுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஐந்து வருஷமாகத் திரை போட்ட அறையில் தூங்கினவளை, கடல் நடுவில் கூட்டிவந்து, இன்னொரு திரை போட்ட அறையில் படுக்க வைத்தாயிற்று. அயர்லாந்துக்கு இன்னும் மூன்று வாரம்.

மேல் தளத்துக்கு மாற்றித் தரக் கேட்டார்கள். எல்லா அறையும் நிரம்பிவிட்டதாம். கப்பல் கிளம்பினால் சிக்னல் போய்விடும். கிளம்ப இருபது நிமிஷம் இருக்கையில் ஈவ்லின் ஹரோல்டுக்குப் போன் போட்டாள்.

"அங்கிள், ரெண்டு கீழ கீது."

"எங்க கீழ?"

"எல்லாத்துக்கும் கீழ. பத்துதான் உச்சி."

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கோழி கத்துவது கேட்டது. பிறகு ஹரோல்ட் கேட்டார், "அப்போ அந்த ஸ்விம்மிங் பூலு?"

"மொட்டை மாடில அங்கிள்."

"தண்ணிய எதுக்கும்மா மேல ஏத்தி வெக்கிறான்? பைத்தியமா அவனுக்கு?"

"அங்கிள், ஃப்ளோராவுக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"நீ இன்னா குடுத்த, நான் குடுத்தேன்." குரல் மாறிவிட்டது. கடைக்காரர் குரல் போய்விட்டது. "இரு. யோசிக்கிறேன். படுத்துகினு பாக்கணும். கட்டில் கீழ கீது, சூரியன் மேல கீது. கேஜ்ல ஆள நிக்க வெச்சிதான் ஏத்துவோம். படுக்க வெச்சி ஏத்துறது எப்போ?"

ஈவ்லினுக்குத் தெரிந்திருந்தது. கோல்டு ஃபீல்ட்ஸில் யாருக்குத்தான் தெரியாது. "ஸ்ட்ரெச்சர்."

"அதான். ஸ்ட்ரெச்சர் வந்தா மேனேஜரே ஒதுங்கி நிப்பான். எவனும் எங்க போறன்னு கேக்க மாட்டான். விடியக்காலம் அவள போர்வைல சுத்தி ஏத்துங்க. தலகாணிய மறக்காதீங்க, இன்னா?"

போனிலேயே மணி மூன்று முறை ஒலித்தது. ஆள் ஏறுகிறது, பார்த்து இழு.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஊர்வலம் புறப்பட்டது. ஃப்ளோராவுக்குக் கழுத்துவரை வெள்ளைப் போர்வை. தலைப் பக்கம் திலீப், கால் பக்கம் மஞ்சுநாத், போர்வையை ஏணைபோல் பிடித்துக்கொண்டார்கள். ஈவ்லின் தலையணையோடு முன்னால் ஓடினாள். லிப்டுக்குள் ஆளை நீட்ட முடியாததால் ஃப்ளோராவைக் கொஞ்சம் மடக்க வேண்டியிருந்தது.

"மெல்லடா, நான் நோயாளி," என்றாள் ஃப்ளோரா.

"நீ நோயாளி இல்ல, அரிசி மூட்டை. எத்தனை வேளைடி சாப்ட நேத்து?" என்றான் திலீப்.

"திலீப், தக்காளி கூடை தூக்கியிருந்தா உனக்கு கஷ்டம் தெரியாது குரு," என்றான் மஞ்சுநாத். லிப்ட் பொத்தானைப் பார்த்ததிலிருந்து அவன் பேசிய முதல் தக்காளி இதுதான்.

பத்தாம் தளத்தில் காவலர் ஒருவர் நின்றிருந்தார். அறைப் போர்வைகளை மேலே கொண்டுவரக் கூடாது என்று பக்கத்திலேயே பலகை. ஈவ்லின், "தலைசுத்தல், காத்து வேணும்," என்று சொன்னதும் அந்த மனிதர் பலகையை மறந்து, தானே ஒரு முனையைப் பிடித்து, ஃப்ளோராவை நீச்சல் குளத்தோரச் சாய்வு நாற்காலியில் கிடத்தினார். கிழக்கு பார்த்த நாற்காலி. ஹரோல்ட் சொன்னபடியே எல்லாம் நடந்தது.

அந்த நல்ல மனிதர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வயர்லெஸ்ஸில் டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார்.

சூரியன் வர ஆறேழு நிமிஷம் இருக்கும்போது டாக்டர் வந்தார். மலையாளி, தூக்கக் கலக்கம், சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். வந்ததும் நோயாளிக்கும் கடலுக்கும் சரியாக நடுவில் உட்கார்ந்தார்.

"எத்தனை நேரமா தலைசுத்துது?"

"இப்போ பரவாயில்ல டாக்டர்," என்று ஃப்ளோரா கழுத்தை வலப்பக்கம் நீட்டினாள். டாக்டர் வலப்பக்கம் சாய்ந்தார். அவள் இடப்பக்கம் நீட்டினாள். டாக்டர் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று இடப்பக்கம் சாய்ந்தார். பஸ்ஸில் நின்றதே தேவலை என்று இருந்திருக்கும் அவளுக்கு. வாயில் தர்மாமீட்டரை வைத்துவிட்டுக் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார். ஐந்து வருஷமாக மற்றவர்களுக்குச் சுற்றினவள், ஒழுங்காகக் கையை நீட்டிக் கொடுத்தாள்.

ஈவ்லினால் பொறுக்க முடியவில்லை. "டாக்டர், உங்க செருப்பு," என்றாள்.

"செருப்புக்கு என்ன?"

அவர் குனிந்தார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்கு மேல் ஒரு சிவப்பு விளிம்பு எழும்பியது. பிறகு பாதி. குனிந்த முதுகுக்கு மேலாக முழுசும் வந்தது. ஃப்ளோரா தலையணையில் தலை வைத்து, தர்மாமீட்டரைக் கடித்தபடி, படுத்தபடியே பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. திலீப் மூக்கை உறிஞ்சினான், அது குளிர் என்று பிற்பாடு சாதித்தான்.

டாக்டர் நிமிர்ந்து, "அழறாளே, ரொம்ப சுத்துதா?" என்று பதறினார். "இங்கே உச்சியில் வந்து படுத்தா சுத்தாம என்ன செய்யும்? கப்பல் மேலேதான் ஜாஸ்தி ஆடும். அடித்தளம்தான் இதுக்கு உத்தமம். உங்க அறை எங்கே?"

"ரெண்டாம் தளம்," என்றான் மஞ்சுநாத்.

"பிரமாதம். விஷயம் தெரிஞ்ச ஆள்தான் போட்டிருக்கார். யார்?"

"எங்க ஹரோல்ட் அங்கிள்," என்றாள் ஈவ்லின்.

திரும்பி வந்த அன்று ஹரோல்ட் இரண்டு மணி ஆகியும் சாப்பிடப் போகவில்லை. நால்வரும் கடை வாசலுக்கு வந்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

"பாத்தாளா?"

"பாத்தேன் அங்கிள்."

"படுத்துகினா?"

"படுத்துகினு."

மூன்று தட்டு. கோழிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதன்பின் டாக்டர் சொன்னதைச் சொன்னார்கள். ஹரோல்ட் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு மஞ்சுநாத்தை உள்ளே கூப்பிட்டு, திலீப்பை வெளியே நிறுத்தி, அவன் வாயாலும் ஒரு தடவை சொல்லவைத்தார். நோட்டை எடுத்து எழுதினார்: 'கப்பல்: தலைசுற்று உள்ளவருக்கு ரெண்டாம் லெவல். சூரியன் கேட்டால் ஸ்ட்ரெச்சர்.'

"கடல் எப்டிம்மா இருந்துச்சி?" என்று கடைசியில் ஃப்ளோராவிடம் கேட்டார்.

"பெருசா இருந்துச்சி அங்கிள்."

அதையும் எழுதிக்கொண்டார்.

ஃப்ளோரா அயர்லாந்து போனபிறகு கடைப் பலகையில் கப்பல் படம் போட முடிவு செய்தார் ஹரோல்ட். பெயிண்டர் சம்பங்கி வந்து, பஸ், ரயில், விமானத்துக்குப் பக்கத்தில் ஆறு தளம் வைத்து ஒரு வெள்ளைக் கப்பல் வரைந்தார். தளங்களுக்கு எண் போட வேண்டும் என்றார் ஹரோல்ட். உச்சி ஒன்று, அடி ஆறு.

"கப்பல்காரன் கீழேர்ந்து எண்றான்னு நீதானேய்யா சொன்ன?" என்றார் சம்பங்கி.

"அவன் தப்பா எண்றான்."

"பலகைல என் பேரு கீது. நான் போட மாட்டேன்."

அதனால் ஹரோல்டே போட ஆரம்பித்தார். முழங்கால் வலிக்காரரை ஸ்டூலில் ஏறவிட பியாட்ரிஸ் ஆன்ட்டிக்குச் சம்மதமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது, தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்க, வாரத்துக்கு ஒரு எண் என்று ஒப்பந்தமாயிற்று. ஈவ்லின் போனைத் தூக்கிப் பிடிப்பாள். அயர்லாந்தில் அப்போதுதான் விடிந்திருக்கும். ஃப்ளோரா படுத்தபடியே பார்ப்பாள்.

"எந்த லெவல் அங்கிள் இன்னிக்கு?"

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது. கொஞ்சம் கோணலாக வந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கி, தூரிகையைத் துடைத்துவிட்டு, "அடுத்த வாரம் உங்க லெவலு," என்று போனுக்குள் பார்த்துச் சொன்னார்.

செய்தி வந்த செவ்வாய்க்கிழமை ஈவ்லின் திரும்பி வந்து சேர்ந்தபோது பத்து மணி. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்து உள்ளே போய், டிராயரிலிருந்து மைசூர் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாள். மணியைத் தொடவில்லை. வெளியே வந்து, கோழிக்கடை வாசலில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

மேலிருந்து ஐந்து தளங்களுக்கு எண் இருக்கிறது. அடித்தளத்துக்கு இன்னும் போடவில்லை.